பானெட்டுக்கு ஒரு கடையாணி

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூர் முதுநகரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரேஸ் கார் பற்றிப் பேசச் சொன்னார்கள். எஞ்சின் எனக்குத் தெரியாது, அதை மூடியிருக்கும் பானெட்டைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். பானெட்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் பழைய எஸ்டீம் காரோடு வந்தார். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தக் காலத்தில் சென்னைப் பக்கம் ரேஸ் என்றால் சோழவரம் பழைய விமான ஓடுதளம்தான். 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டை வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். "அண்ணே, எடை குறையணும். எங்கெங்க குறைக்க முடியுமோ குறைச்சிடுங்க" என்றார். பின் சீட்டு, தரை விரிப்பு, கதவின் உள் அட்டை எல்லாம் அவரே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மிச்சம் இருந்தது பானெட்.

கழற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் மீன் எடை போடும் தராசில் வைத்தோம். ஏலம் முடிந்த நேரம். அங்கிருந்த அக்கா ஒருவர், "இது என்ன மீனு, எந்தக் கடல்ல புடிச்சீங்க?" என்று கேட்டார். தகடு மட்டும் 11 கிலோ. இரண்டு கீல், முன்னால் இருக்கும் லாக், அதன் கேபிள், டிரைவர் காலடியில் இழுக்கும் பிடி, நிறுத்தி வைக்கும் முட்டுக்கம்பி எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோ. திறந்து மூடுவதற்கு மட்டுமே இரண்டரை கிலோ இரும்பு! டாக்டருக்குக் கண் விரிந்துவிட்டது. இதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு நாலு பின் வைத்தால் போதும் என்றார்.

பின் என்றால் என்ன? ரேடியேட்டருக்கு மேலே ஓடும் குறுக்குச் சட்டத்தில் ஒரு தடித்த போல்ட்டை நிமிர்த்தி நிறுத்துகிறோம். பானெட்டில் போட்ட ஓட்டை வழியாக அதன் தலை வெளியே எட்டிப் பார்க்கும். அந்தத் தலையில் குறுக்காக ஒரு துளை. அதில் ஒரு கம்பிக் கிளிப்பைச் செருகினால் முடிந்தது. மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அச்சு முனையில் சக்கரம் கழலாமல் செருகும் கடையாணிதான் இது.

ஓட்டை எங்கே போடுவது என்பதில்தான் வேலை தெரியும். நான் போல்ட்டின் நுனியில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தொட்டு வைப்பேன். பானெட்டை மெதுவாக இறக்கினால் அடியில் பொட்டு விழும். அந்தப் பொட்டில் டிரில் வைத்தால் தப்பாது. அப்புறம், கிளிப்பை மெல்லிய ஒயரால் பானெட்டோடு கட்டிவிட வேண்டும். கட்டாத கிளிப் ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் பட்டறையில் இருந்ததே இல்லை.

சரி, தொழிற்சாலையில் வைத்த லாக் என்ன சும்மாவா இருந்தது? அதில் இரண்டு கட்டம் உண்டு. உள்ளே பிடியை இழுத்தால் பானெட் ஒரு விரல் அளவு எழும்பி நிற்கும். விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளினால்தான் முழுதும் திறக்கும். ஓடும்போது முதல் பிடி விட்டாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அதற்குக் காரணம் காற்று. காற்று தகரத்தை என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. ரேஸ் கார் நேர்ச்சாலையில் போகிற வேகமும் அதுதான். 140-இல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் காற்று நேராக மோதினால் 90 கிலோவுக்கு மேல் தள்ளும். 70-இல் அதில் கால் பங்குதான்.

இன்னொன்றும் உண்டு. பானெட்டின் முன்முனையில் வளைந்து ஏறும் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சும். பின்னால், கண்ணாடியின் அடியில், காற்று முட்டிக்கொண்டு கீழே அழுத்தும். ஆக இழுபறி எல்லாம் முன்பக்கம்தான். ஃபியட் 124, பிஎம்டபிள்யூ இ30 போன்ற கார்களில் கீலையே முன்னால் வைத்தார்கள். அவற்றில் லாக் விட்டுப்போனாலும் காற்றே மூடிவிடும். நம் காரில் கீல் பின்னால். லாக் விட்டால் காற்று வாயைப் பிளந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு முன்னமே தெரிந்திருந்ததா என்றால், இல்லை. டாக்டருக்கு ஃபைபர் பானெட் செய்யத் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்கிறவர்களிடம் போனேன். பழைய பானெட்டையே அச்சாக வைத்து மோல்டு எடுத்தார்கள். ஜெல்கோட் என்கிற மேல்பூச்சைப் பூசி, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் பிசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து உருளையால் தேய்த்தார்கள். இரண்டு மேட் போதும், கனம் ஏறக்கூடாது என்று நான்தான் அடம்பிடித்தேன். "உள்ள விலா எலும்பு வைக்காம விட்டா பாய் மாதிரி உப்பும்ணே" என்றார் மேஸ்திரி. கடலில் பாய் கட்டியவர் சொன்னதை நான் கேட்கவில்லை. நாலரை கிலோவில் பானெட் வந்தது. கீலும் கிடையாது, நாலு மூலையிலும் பின் மட்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது சுற்றில் அது உப்பியது. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நடுப்பகுதி பலூன் போல எழுந்தது. நாலு பின்னில் ஒன்றுகூடக் கழலவில்லை, கிளிப் அப்படியே இருந்தது. கிழிந்தது பானெட்டின் ஓட்டை. முன்பக்கம் இரண்டும் கிழிந்து பானெட் மடங்கிக் கண்ணாடியில் அறைந்தது. டாக்டர் பக்கவாட்டு ஜன்னல் வழியே பார்த்தபடி ஓரம் கட்டினார். இறங்கி வந்து, "அண்ணே, அடுத்த தடவை மேஸ்திரி சொல்றதைக் கேட்போம்" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

இரண்டாவது பானெட்டில் பிவிசி குழாயைப் பாதியாக அறுத்து உள்ளே வைத்து, அதன் மேல் மேட் போட்டு விலா எடுத்தோம். பின்களுக்கான ஓட்டை இருக்கும் இடத்தில் மேலும் கீழும் தகட்டு வாஷர். அடியில் ரப்பர் குமிழ் வைத்து, மூடும்போது கொஞ்சம் அழுத்தித்தான் கிளிப் போட வேண்டும் என்கிற அளவுக்கு இறுக்கம். கீல் இரண்டையும் திரும்ப மாட்டினேன். லாக், கேபிள் போயிற்று. முன்னால் இரண்டு பின்கள் மட்டும். நாலு பின் வைத்துத் தூக்கி எடுக்கிற பானெட் பார்க்க அழகுதான். ஆனால் எஞ்சினில் புகை வந்தால் நாலு கிளிப்பையும் பிடுங்கித் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என்னைக் கேட்டால், நம் அளவு ரேஸுக்குக் கீல் இருப்பதே நல்லது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பாதுகாப்பு விதியும் பானெட்டுக்குக் குறைந்தது இரண்டு கூடுதல் பூட்டு வேண்டும், பழைய லாக் வேலை செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறது. தீயணைக்க ஓடிவருகிறவர் டிரைவர் காலடியில் பிடியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

மொத்தத்தில் குறைந்தது ஆறு கிலோ. எட்டு லிட்டர் பெட்ரோலின் எடை. இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ரேஸில் காருக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் தரையில் ஈயக் கட்டியை போல்ட் போட்டு நிரப்ப வேண்டும். அப்போதும் லாபம்தான். முன்னால், உயரத்தில் இருந்த ஆறு கிலோ காரின் அடித்தரைக்கு வந்துவிடுகிறதே. வளைவில் திருப்பும்போது அது தெரிகிறது என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியாது, நான் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிற தம்பிகள் சிலர் இந்தப் பின்களை வைத்துத் தரச்சொல்லி வருகிறார்கள். அனுப்பிவிடுகிறேன். ரோட்டில் ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். அது போக, வெளியிலிருந்து யாரும் பிடுங்கலாம் என்பதால் காலையில் பேட்டரி இருக்காது.

அடுத்த முறை டிராக்கில் சோதனை செய்ய வந்தவர் கிளிப்பை விரலால் இழுத்துப் பார்த்தார். வலது பக்கம் சரி என்றார். இடது பக்கம் கிளிப்பின் ஒயர் நைந்திருக்கிறது, மாற்றிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். டாக்டர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்க, நான் என் சாவிக்கொத்திலிருந்த வளையத்தைக் கழற்றிக் கட்டினேன். அது இன்னும் அந்தக் காரில்தான் இருக்கிறது. வணக்கம்.