ஒரு ஜோடி தால்பூரி

மொரீஷியஸ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பது, "தால்பூரியை விட்டுவிட வேண்டுமா?" என்பதைத்தான். விட வேண்டாம் என்றால் நம்ப மறுக்கிறார்கள். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அமிர்தத்தின் அளவை யார் கண்டார்? தால்பூரியின் அளவையோ கடைக்காரரே வைத்திருக்கிறார்: ஒரு ஜோடி. மஞ்சள் பருப்பை மாவாக்கி உள்ளே வைத்துத் தேய்த்த இரண்டு மெல்லிய பூரிகளை விரித்து, பெரிய மொச்சைக் கறியும் ருகாய் என்னும் தக்காளித் தொக்கும் கொத்தமல்லிச் சட்னியும் தடவி, தாளில் சுருட்டித் தருகிறார். பருப்பிலும் மொச்சையிலும் புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன. மதிய உணவாக இதை மட்டும் உண்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

தொல்லை அதன் பரிவாரத்தில்தான் இருக்கிறது: இன்னும் ஒரு ஜோடி, கூடவே ஒரு கோலா. 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. பெரியவர்கள் நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள தீவு இது.

அடுத்தது கத்தோ பிமா, பருப்பை அரைத்து மிளகாய் சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் நம் சிறு வடை. காலையிலேயே வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அதைத் திணித்து உண்ணும் வழக்கத்தை நான் ரசிப்பதில்லை. மாலையில் இரண்டு என்றால் மறுக்கவும் மாட்டேன். எண்ணெய் விஷயத்தில் இந்தத் தீவுக்கே ஒரு வரலாறு உண்டு. 1987இல் அரசு, ரேஷன் எண்ணெயில் பெரும்பங்காக இருந்த பாமாயிலுக்குப் பதிலாகச் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1992இல் மறுபடி அளந்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. அதில் எண்ணெய் மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கத்தோ பிமாவை யாரும் நிறுத்திவிடவில்லை; சட்டிக்குள் இருந்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். நீரிழிவு மட்டும் அப்படி இறங்கவில்லை. எத்தனை உண்கிறோம் என்பதை எண்ணெய் வந்து மாற்றாதே!

தைப்பூசக் காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறோம். பூசணி, வாழைக்காய், பலாக்காய், ரசம் என்று சோற்றைச் சுற்றி வளைத்து நிற்கின்றன. பாயசமும் உண்டு, யாரும் குற்றவுணர்ச்சியோடு குடிப்பதில்லை. வார நாளில் ஏழு கறிக்கு யாருக்கு நேரம்? இரண்டு காய்கறி போதும், ஆனால் தட்டில் பாதி அவற்றுக்கு. மீதிப் பாதியைச் சோறும் பருப்பும் அல்லது மீனும் பங்குபோட்டுக்கொள்ளட்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காவடி விரதத்தில் நாளுக்கு ஒரு வேளை உணவோடு நிறுத்துவதாக இருந்தால், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.