எவ்வளவு என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் இயன்முறை சிகிச்சையாளர். பிசியோதெரபிஸ்ட் என்றால்தான் பலருக்குச் சட்டென்று பிடிபடும். எங்களிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்?" என்பதுதான். எத்தனை நாள் படுப்பது என்று எல்லோருக்கும் கேட்கத் தோன்றுகிறது. எவ்வளவு அசைவது என்று கேட்கிறவர்கள் குறைவு.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமே நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டார்கள். அமெரிக்காவில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடக்கக்கூட வைக்கவில்லை, உட்கார வைத்ததோடு சரி. அதுபற்றி 1952-இல் அவர்கள் எழுதியது அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதை 1966-இல் டாலஸ் நகரில் அளந்தே பார்த்தார்கள். இருபது வயதை ஒட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று ஓர் அளவு உண்டு. அது கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பது வருட மூப்பு எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் எடுத்திருந்தது! சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கும்போது நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

தசை மெலிவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் நடக்கிறது. எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்காமல் இருக்க ரத்தக் குழாய்கள் உடனே சுருங்க வேண்டும். பல நாள் படுத்தே இருந்தவருக்கு அது சரியாக நடக்காது, மயக்கம் வரலாம். அதனால்தான் நாங்கள் யாரையும் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவதில்லை. முதலில் ஒருக்களித்து, பிறகு கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்போம். அப்போது வீட்டார் எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பேன். உதடு வெளுக்கிறதா, மேலுதட்டில் வியர்வை பூக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறதா? இவற்றில் எது தெரிந்தாலும் உடனே படுக்க வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் முயல்வோம். "பயப்படாதீங்க, நில்லுங்க" என்று கையைப் பிடித்து இழுப்பது அன்பினால்தான். ஆனால் அப்படித்தான் பலர் விழுகிறார்கள்.

முதுகுவலிக்கு வருவோம். 1995-இல் ஹெல்சின்கியில் இடுப்பு வலி புதிதாக வந்த 186 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சிகள். மூன்றாம் பிரிவிடம், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாம் பிரிவு. பயிற்சி கற்றுக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஓர் எச்சரிக்கை: வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தார்கள். 2015-இல் முடிவு வந்தபோது எங்கள் துறையே திகைத்தது. மூன்று மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களே சற்று நன்றாக இருந்தார்கள். அவர்களும் படுத்தே கிடந்தவர்கள் அல்லர். சீக்கிரம் எழுந்தார்கள், ஆனால் அளவு குறைவு. அதே தரவைப் பிறகு அலசியபோது, கொஞ்ச நேரமாகப் பல தடவை எழுப்புவது நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதைவிட மேல் என்று தெரிந்தது. மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற நாம் பயிற்சியை மட்டும் "முடிஞ்ச வரை பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவது என்ன நியாயம்?

அதே பக்கவாதத்தில் சில மாதங்கள் கழிந்த பிறகு கணக்கே மாறிவிடும். பலவீனமான கையை விட்டுவிட்டு நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுவார்கள். எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளரின் வழி, நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம், பலவீனமான கைதான் வேலை பார்க்க வேண்டும். 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அப்படிக் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் தங்கியிருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் இது சரிப்படும். ஆனால் வீட்டில் எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அவர் சட்டைப் பொத்தானோடு போராடும்போது கையை நீட்டாதீர்கள். பெருவிரல் நழுவும், பொத்தான் துளையின் விளிம்பில் முட்டித் திரும்பும், உங்களுக்குப் பொறுக்காது. பொறுங்கள், அந்த முட்டல்தான் சிகிச்சை.

முதியவர்கள் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம். காலை ஆட்டச் சொல்வதும் கையை மடக்கச் சொல்வதுமாகவே நிறுத்திவிடுகிறார்கள். 1994-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் சராசரி வயது 87. முதியோர் இல்லத்தில் இருந்த, தளர்ந்த நூறு பேர். பத்து வாரம் கனமான எடைகளைக் கொண்டு பயிற்சி பெற்றவர்களின் தசை வலு இரட்டிப்புக்கும் மேல் கூடியது. வெறும் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அது கிட்டவில்லை. மேற்பார்வை வேண்டும், உண்மை. ஆனால் எடை தசைக்குச் சவாலாக இல்லாவிட்டால் அதற்கு வளரக் காரணமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் கூட்டும் பயிற்சிகள். ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை சிகிச்சையாளரிடம் போகும்போது இவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை தடவை, எவ்வளவு எடை, எப்போது கூட்டுவது, எந்த வலி வந்தால் நிறுத்துவது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயிற்சிக்குப் பிறகு வந்த வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். இறங்கவில்லையென்றால் பயிற்சியை விட்டுவிடாமல், எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.