ஓசோன் ஓட்டையும் தெற்கே நகர்ந்த காற்றும்

அவையோருக்கு வணக்கம்.

ஓசோன் ஓட்டை என்றதும் நமக்குத் தோல் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். அதே ஓட்டை தென் துருவத்தைச் சுற்றிய காற்றின் பாதையையும் மாற்றியது. இப்போது அது மெல்ல மூடிவருவதும் காற்றில் தெரிகிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விஷயத்தை வெளியிட்டார்கள். அன்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் ஆண்டாண்டாக அளந்துவந்த கணக்கு அது. வசந்த காலம் வந்தாலே, அதாவது அங்கே அக்டோபரில், ஓசோன் சரிந்துகொண்டிருந்தது. ஏன் அந்த மாதத்தில்? வெயிலே படாத குளிர்காலத் துருவ வானில் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும். அப்போது உருவாகும் மேகத் துகள்களின் மேல், பழைய ஃபிரிட்ஜுகளும் ஸ்பிரே டப்பாக்களும் விட்ட குளோரின் வினைக்குத் தயாராகிறது. வெயில் திரும்பியதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது.

சரி, ஓசோன் போனால் காற்றுக்கு என்ன வந்தது? மேல்வானில் இருக்கும் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால்தான் அங்கே காற்று சூடாகிறது. அது இல்லாத வசந்தத்தில் துருவத்தின் மேல்வானம் குளிர்ந்தே கிடந்தது. துருவத்தைச் சுற்றும் சுழல்காற்று வலுத்தது. கலைய வேண்டிய காலம் தாண்டியும் சுற்றியது. அதன் விளைவு பிறகு கீழே இறங்கி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான அங்கத்திய கோடையில், தென்கடல் மேல் வீசும் மேற்குக் காற்றைத் துருவத்தின் பக்கம் தள்ளியது. மழைமேகங்களின் தடமும் கூடவே நகர்ந்தது.

ஓசோனைத் தின்னும் வேதிப்பொருட்களை நிறுத்த நாடுகள் 1987இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு குளோரின் குறையத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டையொட்டி காற்றின் அந்த நகர்வு நின்றுபோனது. ஓசோன் மீட்சிதான் காரணம் என்று ஆய்வாளர் அந்தரா பானர்ஜியின் குழுவினர் 2020இல் காட்டினார்கள். நின்றது என்றுதான் சொல்கிறேன், திரும்பிவிட்டது என்று சொல்லவில்லை. ஏனென்றால் கரியமில வாயுவும் அதே காற்றைத் துருவத்தின் பக்கமே தள்ளுகிறது. ஓசோன் மீட்சி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கோடைதோறும் நடக்கும் கயிறு இழுப்பு இது.

“2020க்குப் பிறகும் பெரிய ஓட்டை என்று செய்தி வந்ததே?” என்று கேட்பீர்கள். ஓட்டையின் அளவு அந்தந்த ஆண்டின் குளிரையும் பொறுத்தது. 2019இல் மேல்வானம் திடீரென்று சூடேறியதால் ஓட்டை மிகச் சிறியதாக இருந்தது. ஓராண்டை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும், ஆர்க்டிக்கில் 2045 வாக்கில் என்று 2022ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு சொல்கிறது.

இன்னொன்று. ஃபிரிட்ஜுகளும் ஸ்பிரே டப்பாக்களும் விட்ட, அந்தக் குளோரினைத் தந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் கடுமையான பசுங்குடில் வாயுக்களும்கூட. அவற்றை நிறுத்தியதால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அரை முதல் 1 டிகிரி வரை வெப்பம் தவிர்க்கப்படும் என்பது அதே மதிப்பீட்டின் கணக்கு. தோலைக் காக்கப் போட்ட ஒப்பந்தம் வெப்பத்தையும் குறைத்திருக்கிறது!

ஆனால் காற்று விஷயத்தில் ஓசோனின் இழுவிசை பெரும்பாலும் தென்கோளக் கோடையோடு சரி. கரியமில வாயு ஆண்டு முழுக்கத் தள்ளும். மற்றப் பருவங்களில் அதை எதிர்த்து இழுக்க ஓசோன் மீட்சியின் கை பெரிதாக இல்லை.