கார்ஸ்டேல் சிக்னல் கேபின் ஏன் இப்படிக் கட்டப்பட்டது?

[காட்சி: மழை மேகம் கவிந்த மலைச்சரிவு. நடைமேடையில் தனியாக நிற்கும் மரக் கட்டடம்.]

வணக்கம். இங்கிலாந்தின் வடக்கே, பெனைன் மலைப்பகுதியில், செட்டிலிலிருந்து கார்லைல் போகும் ரயில் பாதையில் கார்ஸ்டேல் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, புல்வெளியும் ஆடுகளும்தான். சிக்னல் கேபின் என்றால் ரயில்களுக்கு சிக்னல் கொடுக்கும் ஆள், அதாவது சிக்னல்மேன், உட்கார்ந்து வேலை பார்க்கும் கட்டடம். இங்குள்ள இந்த சிக்னல் கேபினை மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி 1910 ஜூலையில் திறந்தது.

கம்பெனி இந்த மாதிரி கேபின்களுக்கான மரப்பலகைச் சுவர்களை டெர்பியில் இருந்த தன் பட்டறையில் செய்து, ரயிலிலேயே கொண்டுவந்து பூட்டியது. அதனால் நகரத்து கேபினும் இந்த மலைக்காட்டு கேபினும் ஒரே ஜாடையில் இருக்கும். நாலு பக்கமும் சரியும் கூரை, மாடியைச் சுற்றிக் கண்ணாடி.

எதற்கு இவ்வளவு கண்ணாடி? இரண்டு திசையிலும் வரும் வண்டி சிக்னல்மேன் கண்ணில் பட வேண்டும். அதைவிட முக்கியம், கடந்து போகும் வண்டியின் கடைசிப் பெட்டியில் விளக்கு இருக்கிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும். விளக்கைக் காணோம் என்றால் வண்டி நடுவில் அறுந்து, பாதிப் பெட்டிகள் பாதையிலேயே நிற்கலாம்.

[காட்சி: லீவர் வரிசை. ஒரு கை துணியோடு லீவரைப் பிடிக்கிறது.]

உள்ளே போனால் வரிசையாக லீவர்கள். சிவப்பு என்றால் வண்டியை நிறுத்தும் கைகாட்டி, கறுப்பு என்றால் பாயிண்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு), நீலம் என்றால் பாயிண்டின் பூட்டு. கைப்பிடிகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகு. வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்று சிக்னல்மேன்கள் துணி வைத்துத்தான் பிடிப்பார்கள். அந்தத் துணியில்லாமல் லீவரைத் தொட்டால் அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குக் கோபம் வந்துவிடும்.

சரி, கேபினை ஏன் உயரத்தில் வைத்தார்கள்? பார்வைக்காக மட்டுமில்லை. பொதுவாக சிக்னல் கேபின்களில் லீவர்களின் கீழ்ப்பாதி மாடித் தளத்துக்கு அடியில் இருக்கும். பல கேபின்களில் இன்டர்லாக்கிங் என்ற பூட்டு அமைப்பும் அங்கேதான். ஒரு லீவரை இழுத்தால் இரும்புப் பட்டைகள் நகர்ந்து, அதற்கு முரணான லீவர்களைப் பூட்டிவிடும். பாயிண்ட் பக்கத்துப் பாதைக்குத் திரும்பியிருக்கும்போது நேர்ப்பாதை சிக்னலை இறக்க, அதாவது 'போகலாம்' என்று காட்ட முயன்றால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் லீவர் அசையாது. ஜான் சாக்ஸ்பி 1856-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1889-ல் அயர்லாந்தின் ஆர்மா விபத்துக்குப் பிறகு பயணிகள் போகும் பாதைகளில் இதைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆக, கீழ்த்தளம் ஒரு இயந்திரம், மேல்தளம் ஒரு கண். கட்டடத்தின் உருவம் முழுக்க இந்த இரண்டிலிருந்து வந்ததுதான்.

ஆனால் கண்ணை நம்பிக் கட்டியதில் ஒரு ஓட்டை இருந்தது. அது தெரியவந்தது இதே கேபினில்தான்.

[காட்சி: இருட்டு, மழை வழியும் ஜன்னல்.]

1910 டிசம்பர் 24, விடியற்காலை. அப்போது ஸ்டேஷனின் பெயர் ஹாஸ் ஜங்ஷன். கேபின் திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏற்றத்தில் ரயில்களுக்குத் துணை கொடுத்துவிட்டுத் திரும்பிய எஞ்சின்கள் அங்கே குவிந்திருந்தன. அவற்றில் கார்லைல் போக வேண்டிய இரண்டு எஞ்சின்களை சிக்னல்மேன் மெயின் பாதையில், ஒரு சிக்னலுக்கு முன் நிறுத்தினார். மற்றவற்றை நகர்த்தும் வேலையில் இந்த இரண்டையும் மறந்துபோனார். இருட்டிலும் மழையிலும் ஜன்னல் வழியே அவை தெரியவில்லை. அப்புறம் லண்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் எக்ஸ்பிரஸுக்கு சிக்னலை இறக்கினார். காத்திருந்த எஞ்சின்காரர்கள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். வேகமாக வந்த எக்ஸ்பிரஸ் பின்னால் மோதியது. பெட்டிகளில் கேஸ் விளக்கு, தீப்பிடித்தது. 12 பேர் இறந்தார்கள்.

இன்டர்லாக்கிங்கில் எந்தக் கோளாறும் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பாயிண்ட் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியும், பாதையில் எஞ்சின் நிற்கிறதா என்று தெரியாது. அதிக நேரம் நின்றால் எஞ்சின் ஆட்கள் கேபினுக்கு வந்து ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அன்று யாரும் வரவில்லை. பழியை சிக்னல்மேன் தலையில் மட்டும் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அத்தனை எஞ்சின்களையும் ஒரு மனிதரின் நினைவை நம்பி விட்டிருந்தார்கள்.

[காட்சி: தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் வரைபடம்.]

விசாரணை நடத்திய மேஜர் பிரிங்கிள் பரிந்துரைத்தது டிராக் சர்க்யூட். தண்டவாளத்தில் குறைந்த மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே என்ற மின்சார சுவிட்சுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். உடனே கேபினில் சிக்னல் லீவர் பூட்டிக்கொள்ளும். மிட்லண்ட் ரயில்வே நூற்றுக்கணக்கான இடங்களில் இதைப் பொருத்தியது. அதன் பிறகு அப்படி ஒரு எஞ்சின் மறந்துபோய் நின்றாலும், பின்னால் வரும் வண்டிக்கு சிக்னலை இறக்க லீவர் இடம் கொடுக்காது.