ஊர்க் கச்சேரிக் குழுவுக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் உண்டா?

[திரையில்: மஞ்சள் தாளில் ஒரு திருவிழா நோட்டீஸ். கேமரா மேலிருந்து மெதுவாகக் கீழே இறங்குகிறது.]

மேலே அம்மன் படம். அதற்குக் கீழே காப்புக் கட்டு, பால்குடம், தீமிதி, அன்னதானம். எல்லாம் முடிந்து கடைசி வரியில், "இரவு 9 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி". பக்கத்தில் குழுவின் பெயர். குடமுருட்டிக் கரையில் ஏதோ ஒரு ஊர், 25 வருடமாக மேடையேறும் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை போடலாமா?

நன்றாகப் பாடுவார்களா, கூட்டம் கூடுமா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. குழுவோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர்கள் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியர்கள் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள்.

நோட்டீஸ் செல்லாது. அதை அடித்தது குழுவுக்குச் சம்பளம் பேசிய விழாக் கமிட்டி. ஃப்ளெக்ஸும் குழுவின் ஃபேஸ்புக் பக்கமும் அப்படியே. யூடியூபில் எத்தனை லட்சம் பார்வை வந்தாலும், அது ஒரு எண். அதிலிருந்து கட்டுரைக்கு ஒரு வாக்கியம்கூட எடுக்க முடியாது. "2016 மகாமகத்தில் பாடினோம்" என்பதும் உதவாது. குடந்தை மகாமகம் புகழ்பெற்றதுதான். ஆனால் அந்தப் புகழ் அங்கே பாடியவர்கள் மேல் தானாக ஒட்டிக்கொள்ளாது.

[திரையில்: நாளிதழ்த் துணுக்கு. குழுவைப் பற்றிய வரிகளில் மட்டும் மஞ்சள் கோடு.]

நாளிதழ்ச் செய்தி கிடைத்தால் இப்படிக் கோடு போட்டுப் பாருங்கள். திருவிழாச் செய்தி 20 வரி இருக்கும். குழுவைப் பற்றி அதில், "பின்னர் இன்னிசை நிகழ்ச்சி நடைபெற்றது" என்று ஒரே வரி இருக்கும். இதைக் கணக்கில் சேர்க்க முடியாது. குழு எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார், என்ன பாணி, எதில் மற்ற குழுக்களிலிருந்து வேறுபடுகிறது என்று செய்தியாளர் விசாரித்து எழுதியிருந்தால் சேரும். இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தி வரி மாறாமல் வந்திருந்தால், பெரும்பாலும் குழு கொடுத்த குறிப்பை அப்படியே போட்டிருப்பார்கள். அப்படியானால் இரண்டும் சேர்ந்தாலும் சுதந்திரமான மூலம் ஒன்றுகூட ஆகாது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் இசை வழிகாட்டுதலில் இசைக்குழுக்களுக்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது: பெரிய நிறுவனத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆல்பங்கள், முக்கிய விருது, தேசிய அளவில் வானொலியில் தொடர்ந்து ஒலிபரப்பு, இப்படி. அதில் ஒன்று பொருந்தினாலும் வாய்ப்பு உண்டு என்கிறது. பக்கம் நிச்சயம் என்று சொல்லவில்லை. திருச்சி வானொலியில் அரை மணி நேரம் பாடியதை இங்கே குழப்பிக்கொள்வார்கள். வானொலியில் பாடுவது வேறு. குழுவைப் பற்றி வானொலி தனி நிகழ்ச்சி செய்வது வேறு. தமிழ் விக்கிப்பீடியா தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால் ஆங்கில விதியைக் காட்டி இங்கே வாதாட வேண்டாம்.

இனி தேடல். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரே பெயரை ஒருமுறை கூகுளில் அடித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுகிறோம்.

[திரையில்: தேடல் பெட்டி. சொற்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன.]

கும்பகோணம், குடந்தை. மயிலாடுதுறை, மாயவரம், மாயூரம். தஞ்சாவூர், தஞ்சை. நாதஸ்வரக் குழு என்றால் நாகஸ்வரம், நாதசுரம், நாகசுரம் எல்லாம். மாவட்டத்தையும் மாற்றிப் போட வேண்டும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். ஆகவே சீர்காழிக் குழுவைப் பற்றி 1985இல் வந்த செய்தி "தஞ்சை மாவட்டம்" என்றுதான் சொல்லும்.

கணினியில் அகப்படாதது தாளில் இருக்கும். கும்பாபிஷேக மலரைப் புரட்டிப் பாருங்கள். அதில் குழுவே காசு கொடுத்துப் போட்ட வாழ்த்து விளம்பரம் செல்லாது; ஊர்க் கலைஞர்களைப் பற்றி ஒரு தமிழாசிரியர் எழுதிய கட்டுரை இருந்தால் அது பயன்படும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளையும் கேட்டுப் பாருங்கள். அச்சு மூலத்துக்கு இணைப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை: நாளிதழ் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் போதும். மாவட்டச் செய்தி அந்தந்தப் பதிப்பில் மட்டும் வருவதால், பதிப்பை விட்டுவிட்டால் சரிபார்க்க வருபவர் தேடியே களைத்துவிடுவார்.

கிடைத்ததை வைத்து ஒரு சோதனை. குழுவினர் வாய்மொழியாகச் சொன்னதை ஒதுக்கிவிட்டு, சுதந்திரமான மூலங்களில் இருப்பதை மட்டும் கொண்டு மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கத்தில், எழுதுங்கள். இரண்டு மூன்று பத்தி நின்றால் கட்டுரை தேறும். நான்கு வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் இப்போதைக்கு விடுங்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதை விடுவது என்பதுதான் சிக்கலாக இருக்கும். அதே காலத்தில் கல்யாண வீடுகளில் விடிய விடிய வாசித்த எத்தனையோ செட்டுகளைப் பற்றி ஒரு வரி எழுதப்படவில்லை. அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் அந்தக் குறையைக் கலைக்களஞ்சியத்தில் நிரப்ப முடியாது. முதலில் பத்திரிகையிலோ ஆய்விலோ யாராவது எழுத வேண்டும்.

குழுவில் இருப்பவர்களோ உறவினர்களோ கட்டுரையைத் தொடங்க வேண்டாம். காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிப்பது 2014 முதல் கட்டாயம்.

பக்கம் தேறாவிட்டாலும் வழி இருக்கிறது. ஊர்க் கட்டுரையிலோ கோயில் கட்டுரையிலோ மூலத்தோடு ஒரு வரி சேர்க்கலாம். நீங்களே எடுத்த மேடைப் படத்தை விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றலாம். நோட்டீஸை ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள், அதன் வடிவமைப்புக்கு வேறொருவர் உரிமையாளர். கச்சேரி ஒலிப்பதிவும் வேண்டாம். குழு பாடியது சினிமாப் பாட்டு என்றால் மெட்டுக்கும் வரிக்கும் காப்புரிமை இருக்கும், கோப்பை நீக்கிவிடுவார்கள்.