சீட்டை எரித்தால்தான் சொந்தம்

நேயர்களே, வணக்கம்.

வீடு வாங்கப் போகிறோம் என்றால் முதலில் எதைக் கேட்போம்? வில்லங்கச் சான்றை. யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் கைமாறியது என்று அதில் வரிசையாக இருக்கும். பிளாக்செயின் என்பதும் அப்படி ஒரு பதிவேடுதான். ஆனால் அது ஓர் அலுவலகத்துப் பீரோவில் இல்லை. ஆயிரக்கணக்கான கணினிகளில் அதே நகல் இருக்கிறது. ஒருவர் மட்டும் நினைத்து அதைத் திருத்த முடியாது. டிஜிட்டல் படங்களை என்எஃப்டி என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி. படம் ஊரார் செல்போனில் எல்லாம் இருக்கலாம். வரி ஒருவர் பெயரில்தான் இருக்கும்.

2021 மார்ச்சில் பீப்பிள் என்ற ஓவியரின் டிஜிட்டல் படம் என்எஃப்டியாகக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன், சிங்கப்பூரில் வாழும் தமிழர். எல்லோரும் விலையைப் பற்றியே பேசினார்கள். என் மனம் போனது பாரிஸ் நகரத்துக்கு, 1962-க்கு.

ஈவ் கிளைன் என்று ஓர் ஓவியர். அவர் வெற்றிடத்தை விற்றார். ஆமாம், ஒன்றுமில்லாத வெறும் இடம். பணம் வாங்கமாட்டார், தங்கம்தான். தங்கத்தை எடை பார்த்து வாங்கிக்கொண்டு, வங்கிக் காசோலை மாதிரி அச்சடித்த ரசீது ஒன்று கொடுப்பார். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்திருக்கும்வரை அந்த இடம் முழுசாக உங்களுடையது ஆகாது. ஆக வேண்டும் என்றால் செய்ன் ஆற்றங்கரைக்கு வர வேண்டும். சாட்சிகள் முன்னால் நீங்கள் ரசீதை எரிப்பீர்கள். அவர் தங்கத்தில் பாதியை ஆற்றில் எறிவார். அந்த பிப்ரவரி 10-ம் தேதி மைக்கேல் பிளாங்ஃபோர்ட் என்ற ஹாலிவுட் கதாசிரியர் அப்படியே செய்தார். புகைப்படங்கள் இருக்கின்றன. ரசீது சாம்பலானது, தங்கத் தகடு தண்ணீரோடு போனது. கையில் எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் அது அவருடையது!

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! இன்னும் ஒன்று கேளுங்கள். எரிக்காமல் தப்பிய கிளைன் ரசீது ஒன்று 2022-ல் பாரிஸில் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. வெற்றிடத்துக்கு அல்ல, அந்தக் காகிதத்துக்கு.

டொராண்டோ கலைஞர் மிட்செல் சான் இதே வெற்றிடத்தை 2017-லேயே எத்தேரியம் என்ற பிளாக்செயினில் விற்றார், 101 பங்குகளாக. பிரிட்டிஷ் ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் இன்னும் நேரடியாகக் கேட்டார். வண்ணப் புள்ளிகள் இட்ட 10,000 தாள்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு என்எஃப்டி. ஒரு வருடம் கழித்து, தாளா என்எஃப்டியா, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார். 5,149 என்எஃப்டிகளைக் கொடுத்துவிட்டுத் தாளைக் கேட்டார்கள். 4,851 என்எஃப்டிகள் அப்படியே இருந்தன. அந்த 4,851 தாள்களையும் எரிக்கும் வேலை 2022 அக்டோபரில் லண்டனில் தொடங்கியது. மறுபடியும் நெருப்பு, பாருங்கள். ஆனால் கிளைனிடம் எரிந்தது ரசீது. இங்கே எரிந்தது ஓவியம்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சாரா ஃப்ரெண்ட் என்ற கலைஞரைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2021-ல் அவர் செய்த லைஃப்ஃபார்ம்ஸ் என்ற என்எஃப்டி படைப்பை வாங்கினால் 90 நாளுக்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவரும் 90 நாளுக்குள் இன்னொருவருக்கு. யாராவது தன்னிடமே வைத்துக்கொண்டால், அது செத்துவிடும். வணக்கம்.