உறக்கம் வரும் நொடியிலேயே தெளிகனவுக்குள் நுழைவது எப்படி?

[திரை: இருட்டு. சீரான மூச்சு ஒலி மட்டும்.]

கண்கள் மூடியிருக்கின்றன. இமைக்குள் மங்கலான புள்ளிகள் மிதக்கின்றன. அவை மெல்லத் திரண்டு ஒரு சுவராகின்றன. சுவரில் ஒரு சன்னல். கம்பியைப் பிடித்தால் சில்லென்று இருக்கிறது. ஆனால் உங்கள் கை போர்வைக்குள் அல்லவா இருக்கிறது? அப்படியானால் கம்பியைப் பிடித்திருக்கும் கை எது?

[திரை: தலைப்பு.]

'இது கனவு' என்று அறிந்தபடியே காணும் கனவை லூசிட் ட்ரீம் என்பார்கள். நாம் தெளிகனவு என்போம். பெரும்பாலும் இது கனவின் நடுவில் திடீரென்று சுதாரிப்பதால் வருகிறது. இன்று நாம் பேசப்போவது அதைவிட அரிதான வழி: நினைவின் இழை அறுபடாமல் விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் போவது.

கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தெளிகனவுக்கு ஆய்வுக்கூடச் சான்று உண்டு. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஆலன் வொர்ஸ்லி என்பவர் உறங்கிக்கொண்டிருந்தார். கனவுக்குள் இருந்தபடியே, முன்பே பேசிவைத்தபடி, கண்களை இடமும் வலமுமாக அசைத்தார். அருகிலிருந்த கருவி அதைக் கோடுகளாக வரைந்தது. ஆய்வாளர் கீத் ஹியர்ன் அதைப் பார்த்தார். ஏன் கண்கள்? கனவுகள் செழித்து வரும் ரெம் உறக்கத்தில் உடல் தசைகளை மூளை முடக்கிவைக்கிறது. கண் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் தப்பிக்கின்றன. சில ஆண்டுகளில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதே முறையில் நிரூபித்தார்.

[திரை: ஓர் இரவின் உறக்க வரைபடம்.]

இந்த வரைபடத்தை நன்றாகப் பாருங்கள். பலர் தோற்பது இங்கேதான். உறக்கம் சுமார் 90 நிமிடச் சுழற்சிகளாக ஓடுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமே அதிகம். ரெம் சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க அது நீள்கிறது. படுத்தவுடனே முயன்றால் கனவுக்கு முன்னால் ஆழ்ந்த உறக்கம் வந்து நினைவை விழுங்கிவிடும். இது தெரியாமல் நான் மூன்று வாரம் இரவு பத்து மணிக்குப் படுத்து முயன்றுகொண்டிருந்தேன். கிடைத்தது நல்ல தூக்கம் மட்டுமே.

ஆகவே ஐந்து மணி நேரம் உறங்கிவிட்டு எழுங்கள். இருபது, முப்பது நிமிடம் மங்கிய வெளிச்சத்தில் விழித்திருங்கள். கைபேசி வேண்டாம். பிறகு மல்லாந்து படுத்து மனத்துக்குள் எண்ணுங்கள்: "ஒன்று, நான் கனவு காண்கிறேன். இரண்டு, நான் கனவு காண்கிறேன்."

உடனே மூக்கு அரிக்கும். அரித்தே தீரும். அடுத்து வாயில் எச்சில் ஊறும்; விழுங்கலாமா கூடாதா என்று ஒரு பெரிய தர்க்கமே நடக்கும். விழுங்குங்கள், சொறியுங்கள். சிலைபோல் கிடக்க வேண்டும் என்பது வீண் பிடிவாதம். உடலை மறப்பதுதான் வேலை. அசையாமல் காவல் காத்தால் எப்படி மறக்கும்?

சற்று நேரத்தில் கோலங்கள் வரும், முகங்கள் வரும், யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உறக்கத்தின் வாசலில் தோன்றும் இவற்றுக்கு 1848-இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி தனிப்பெயரே வைத்தார். அவற்றைத் துரத்தாதீர்கள். உற்றுப் பார்த்தால் கலைந்துவிடும். 'வந்துவிட்டது!' என்று துள்ளினால் முழு விழிப்புத்தான். தெருவில் போகிறவர்களைத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தால் போதும்.

சிலருக்கு உடல் அதிரும், நெஞ்சில் பாரம் ஏறும், கை கால் அசையாது. அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். தசை முடக்கம் தொடங்கியும் விழிப்பு முழுதாகப் போகாததால் வருவது. அச்சமூட்டும், ஆனால் மூச்சு நிற்காது, தானே விலகிவிடும். மனப்பிறழ்வு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும், ஏற்கெனவே தூக்கம் கெட்டிருப்பவர்களும் இந்தப் பயிற்சிக்கு வர வேண்டாம்.

[திரை: சன்னல் மறுபடி. கம்பியைப் பிடித்த கை.]

காட்சி நிலைத்ததும் கனவுக்குள்ளேயே இரு உள்ளங்கைகளையும் தேயுங்கள். அந்த உராய்வு உங்களைக் கனவிலேயே நிறுத்தும். படுக்கையில் கிடக்கும் உடலை நினைத்தால் அங்கேயே திரும்பிவிடுவீர்கள். உறுதி செய்ய, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். கனவென்றால் காற்று தாராளமாக உள்ளே போகும்.

எனக்கு முதன்முதலில் வாய்த்தது, 'இன்றும் நடக்கவில்லை' என்று சலித்து எழுந்த ஒரு விடிகாலையில். விளக்கைப் போட்டேன், எரியவில்லை. முகம் கழுவினேன், துண்டால் துடைத்தேன். கண்ணாடியில் என் முகம் சரியாகவே இருந்தது. வெறும் பழக்கத்தில் மூக்கைப் பிடித்தேன்.

மூச்சு வந்தது.

[திரை: இருட்டு.]